பழைய சாமான் வாங்கி ஒன்லைனில் விற்பது எப்படி? திருகோணமலையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய சாமான் வியாபாரத்தில் லாபம் வாங்கும்போதே தீர்மானமாகிவிடும். 3,000 ரூபாவுக்கு எடுக்க வேண்டிய ஃபானை 4,500 கொடுத்து எடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு அழகாகப் படம் பிடித்துப் போட்டாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியது. விளம்பரம் போடுவது அரை மணித்தியால வேலை.

தொடங்குவதற்கு 15,000 ரூபா, ஒரு ஸ்மார்ட் போன், ஒரு டெஸ்டர், ஒரு செட் ஸ்க்ரூ டிரைவர் போதும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ தொடங்க வேண்டாம். சாமான் என்றைக்கு விலைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது, வட்டி மட்டும் நாள் தவறாமல் ஓடும்.

1. முதலில் உங்கள் வீட்டுச் சாமான்

அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, குசினி மூலையில் பாவிக்காமல் கிடக்கிற ஐந்து சாமானைத் தேடி எடுங்கள். பிள்ளை வளர்ந்தபின் கிடக்கிற சைக்கிள், இரண்டாவது றைஸ் குக்கர், சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிள்ளையின் புத்தகங்கள், இப்படி எதுவும் சரி. முதலில் இவற்றை விற்றுப் பாருங்கள். படம் எடுப்பது, விலை போடுவது, ஆட்களோடு கதைப்பது எல்லாம் காசு போடாமலே பழகிவிடும். அதில் வருகிற பணமே அடுத்த கொள்முதலுக்கு முதலாகவும் ஆகும்.

2. ஒரே ஒரு வகையைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் வாங்குகிறவருக்கு எதன் விலையும் தெரியாது. தொடக்கத்தில் ஒரு வகையோடு நில்லுங்கள். ஸ்டாண்ட் ஃபான், மேசை ஃபான், றைஸ் குக்கர், பிளெண்டர், அயன் போன்ற சின்ன மின்சாதனங்கள் நல்ல தெரிவு. ஆட்டோவில் ஏற்றலாம், உதிரிப்பாகம் டவுனிலேயே கிடைக்கும், பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். மரத் தளபாடம் இரண்டாவது கட்டம். அதற்குப் பட்டா என்கிற சின்ன லொறி பிடிக்க வேண்டும், வைக்க இடமும் வேண்டும். பிரிட்ஜ் அதற்கும் பிறகு. காஸ் ஒழுகுகிறதா என்று அறிய இரண்டு மூன்று மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், விற்கிறவர் எல்லாரும் அவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார்கள்.

போன் விற்றால் கெதியாகக் காசு என்று பலரும் அதில்தான் இறங்குகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அதைப் பரிந்துரைக்கவே முடியாது. களவு போன போன், பூட்டுப்போட்ட கூகுள் கணக்கு, மாற்றிய டிஸ்பிளே என்று வெளியில் தெரியாத குழிகள் நிறைய. அப்படியும் ஒன்றை வாங்குவதென்றால் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். ஆங்கிலத்தில் IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். பழைய உரிமையாளர் உங்கள் முன்னாலேயே தன் கணக்கை அகற்றி ரீசெட் செய்து தர வேண்டும். "வீட்டுக்குப் போய்ச் செய்து தாறேன்" என்றால் எடுக்காதீர்கள்.

3. எங்கே, எப்போது வாங்குவது

கிழக்கு மாகாண சபை அலுவலகங்கள் இங்கே இருப்பதால் வெளியூர் உத்தியோகத்தர்கள் வருவதும் போவதும் ஓயாது. இடமாற்றம் கிடைத்தவர்கள் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாமானை ஏற்றிப் போகிற கூலியைக் கணக்குப் பார்ப்பார்கள். ஆண்டு முடிகிற நேரத்தில் இது அதிகம். கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிய போர்டிங்குகளில் படிப்பு முடித்துப் போகிற மாணவர்கள் மேசை, ஃபான், சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்கப் பார்ப்பார்கள். அடுத்த பிரிவு வந்ததும் அதே சாமானைத்தான் தேடும். வெளிநாடு போகிற குடும்பங்களும் அப்படித்தான்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள் மே மாதம் சீசன் தொடங்குவதற்கு முன் அறைகளைத் திருத்துவார்கள். மார்ச், ஏப்ரலில் போய் முகாமையாளரிடம் கேட்டு வையுங்கள். பத்துப் பதினைந்து ஃபான் ஒன்றாகக் கிடைக்கலாம். ஆனால் கீழே சொல்கிற உப்புக்காற்றுச் சோதனையைச் செய்யாமல் மொத்தமாக எடுக்காதீர்கள்.

காலத்தையும் கவனியுங்கள். மார்கழி மழைக்குள் ஃபானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போது மலிவாக எடுத்து, கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் விற்றால் அதே ஃபானுக்கு நல்ல விலை கிடைக்கும். இடையில் வைத்திருக்கும் மாதங்களில் நிலத்தில் படாமல் பலகைக்கு மேல் வைத்து, பொலித்தீனால் மூடிக் கட்டிவிடுங்கள்.

4. உப்புக்காற்று என்ன செய்கிறது

கண்டி, நுவரெலியாவில் ஐந்து வருடம் பாவித்த சாமானும் கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றரில் ஐந்து வருடம் பாவித்த சாமானும் ஒன்றல்ல. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், செம்பையும் பித்தளையையும் பச்சை பூக்க வைக்கும். வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடலாம் என்பதால் யாரும் துடைக்காத இடங்களைப் பாருங்கள். சாமானைக் கவிழ்த்து அடியிலுள்ள ஸ்க்ரூத் தலைகள், பிளக்கின் கம்பிகள், மோட்டருக்குப் பின்னாலுள்ள துளைகள். காஸ் குக்கர் என்றால் அடித்தகட்டைப் பெருவிரலால் அமத்துங்கள். பொருக்காக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். றைஸ் குக்கரில் சட்டியைத் தூக்கி, சூடேறும் தட்டைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துக் குழி விழுந்திருந்தால் சட்டி சரியாகப் பொருந்தாது, சோறு ஒரு பக்கம் அடிப்பிடிக்கும், மறுபக்கம் வேகாது.

மேலோட்டமான துரு பயப்பட வேண்டியதல்ல. ஃபானின் கம்பிக்கூட்டைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, சாண்ட் பேப்பர் போட்டு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம். கழுவாமல் பெயின்ட் அடித்தால் உள்ளே தங்கிய உப்பு சில வாரத்திலேயே பெயின்ட்டைக் கொப்பளிக்க வைத்துவிடும். பெயின்ட் அடித்ததை விளம்பரத்தில் சொல்லிவிடுங்கள்.

5. ஒரு ஸ்டாண்ட் ஃபானைச் சோதித்துத் திருத்துவது

முதலில் பிளக்கைப் போடாமல் விசிறித் தகட்டைக் கையால் சுழற்றுங்கள். சுழன்று மெல்ல நின்றால் நல்லது. உடனே நின்றாலோ இறுக்கமாக இருந்தாலோ புஷ், அதாவது மோட்டர்த் தண்டைத் தாங்கும் வளையம், எண்ணெயின்றிக் காய்ந்துபோயிருக்கிறது. அடுத்து அந்தத் தண்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, சத்தம் போடும்.

பிறகு பிளக்கைப் போட்டு மூன்று ஸ்பீடையும் பாருங்கள். உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை, தகடோ கையால் இலேசாகச் சுழல்கிறது என்றால் பெரும்பாலும் மோட்டரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கப்பாசிட்டர் போய்விட்டது. புதியவர் லாபம் பார்க்கிற பழுது இதுதான். விற்கிறவர் "மோட்டர் போயிட்டுது" என்று நினைத்து மலிவாகக் கொடுப்பார், திருத்துகிற செலவோ சில நூறு ரூபா. உறுமலும் இல்லை, அசைவும் இல்லை என்றால் முதலில் வயரையும் சுவிச்சையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மோட்டர்ச் சுருளுக்குள் இருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். அது தொடங்குபவருக்கான வேலை அல்ல. கருகிய மணம் வந்தால் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

திருத்தும் முறை: பிளக்கைக் கழற்றுங்கள். முன்கூட்டை எடுத்தபின் தகட்டைப் பிடித்திருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். இந்த மூடி சாதாரண நட்டுக்கு எதிர்மாறு. கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழலும், மறுபக்கம் முறுக்கினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். தகட்டுக்குப் பின்னால் கூட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு வழக்கமான பக்கமே கழலும். மோட்டர் மூடியைத் திறந்ததும் இரண்டு வயரோடு சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று தெரியும். அதுதான் கப்பாசிட்டர். தொடுவதற்கு முன் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரால் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டு, தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் அளவையே வாங்குங்கள். 1.5 மைக்ரோஃபரட் என்றிருந்தால் 1.5 தான். "கூடப் போட்டால் வேகமாகச் சுற்றும்" என்று சொல்வார்கள், மோட்டர்தான் சூடேறும்.

முன்புஷ், பின்புஷ் இரண்டுக்கும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. கொஞ்ச நாளில் பிசினாகி இறுகிவிடும். எல்லாவற்றையும் பூட்டியபின் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, மோட்டர் மூடியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் விற்காதீர்கள். வயரில் டேப் சுற்றிய இடம் இருந்தால் வயரையே மாற்றுங்கள். மின்சாரத்தோடு விளையாடிய சாமானை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது பெரிய பாவம்.

6. எவ்வளவு கொடுக்கலாம்

இக்மன் தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் அதே மாதிரியான பத்து விளம்பரங்களைப் பாருங்கள். அவை கேட்கிற விலைகள், விற்ற விலைகள் அல்ல. ஒரு மாதமாகக் கிடக்கிற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, போட்டு நாலைந்து நாளில் மறைந்தவற்றைக் குறித்து வாருங்கள். உண்மையான சந்தை விலை அங்கேதான் தெரியும்.

பிறகு பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஒரு ஃபானை 6,000க்கு விளம்பரம் போடலாம் என்று வைப்போம். பேரத்துக்கு 500, உதிரிப்பாகத்துக்கும் எண்ணெய்க்கும் 500, ஆட்டோவுக்கு 400 கழித்தால் 4,600. உங்களுக்கு 1,500 மிஞ்ச வேண்டுமென்றால் 3,100க்கு மேல் கொடுக்கக் கூடாது. 4,500 கொடுத்தால் மிச்சம் 100 ரூபா. இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காகத்தான், உங்கள் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கை வாங்கப் போவதற்கு முன் போனில் எழுதி வையுங்கள், ஆளைப் பார்த்த பின் மனம் இளகும்.

வாங்கும்போது ஒரு துண்டில் சாமானின் பெயர், தொடர் இலக்கம், விலை, திகதி, விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எடுங்கள். களவுச் சாமான் என்று தெரிந்து வாங்குவது தண்டனைக் குற்றம். தெரியாமல் வாங்கியதைப் பொலிஸில் காட்ட உங்களிடம் இருக்கப்போவது இந்தத் துண்டுதான். அடையாள அட்டை காட்ட மறுக்கிறவரிடம் எவ்வளவு மலிவென்றாலும் எடுக்காதீர்கள்.

7. படமும் விளம்பரமும்

காலை ஒன்பது மணிக்கு முன், வெள்ளைச் சுவருக்கு முன்னால், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கெமராக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். ஆறு படம் போதும்: முன், பின், பக்கம், மொடல் இலக்கம் உள்ள தகடு, பிளக், குறை உள்ள இடம். குறையை நெருங்கி எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் விலையைக் குறைக்க அதையே காரணமாகச் சொல்ல முடியாது.

இப்படி எழுதலாம்: "ஸ்டாண்ட் ஃபான், 16 அங்குலம், 3 ஸ்பீட். கப்பாசிட்டர் புதிது. தலை இரண்டு பக்கமும் திரும்பும். கூட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது. அடித்தட்டில் கீறல், 6ஆம் படம் பார்க்கவும். அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்து எடுக்கலாம். உவர்மலை. 6,000 ரூபா."

இதே விவரத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேருங்கள். கந்தளாய், சீனக்குடாப் பக்கத்து ஆட்கள் பலர் அந்த மொழிகளில் தேடுவார்கள். எழுத வராவிட்டால் தெரிந்தவரிடம் ஒருமுறை எழுதி வாங்கினால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

8. பேரமும் காசும்

"கடைசி விலை எவ்வளவு?" என்பதுதான் முதல் மெசேஜாக வரும். போனில் விலையை இறக்காதீர்கள். "வந்து பாருங்கோ, பார்த்திட்டுக் கதைப்பம்" என்பதே பதில். போனில் 5,500 என்று சொன்னால் வந்து நின்று 5,000 கேட்பார்கள். "எடுத்து வையுங்கோ, நாளைக்கு வாறேன்" என்பவருக்கு அன்று பின்னேரம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்றால் 500 ரூபா முற்பணம் கேளுங்கள்.

வங்கிக்குப் போட்டுவிட்டதாகச் சிலிப்பைப் படமெடுத்து அனுப்பினால் அது காசு அல்ல. உங்கள் வங்கி செயலியில் தொகை வந்து சேர்ந்ததைக் கண்ட பிறகுதான் சாமான் கை மாற வேண்டும். காசு பெறுவதற்கு என்று சொல்லி ஒரு லிங்க்கை அனுப்பி அட்டை இலக்கமோ ஓடிபியோ கேட்டால் அது மோசடி. உங்களுக்குப் பணம் அனுப்ப வங்கி, கிளை, கணக்கு இலக்கம், உங்கள் பெயர் மட்டும் போதும்.

வீட்டுக்கு அழைக்க விருப்பமில்லையென்றால் பகல் நேரத்தில், பிளக் போட்டுக் காட்டக்கூடிய தெரிந்த கடையொன்றில் சந்தியுங்கள்.

9. வெளியூருக்கு அனுப்புவது

முதல் இரண்டு மாதம் வேண்டாம். பழகிய பின் ஐந்து கிலோவுக்குக் குறைந்த சாமானை மட்டும் அனுப்புங்கள். கூரியர்க் கட்டணம் முதல் கிலோவுக்கு ஒரு தொகை, அடுத்தடுத்த கிலோவுக்கு ஒரு தொகை என்று ஏறும். பெட்டியோடு நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். சாமானைக் கொடுத்துக் காசு வாங்குகிற முறையில் அனுப்பினால், வாங்குகிறவர் கடைசி நேரத்தில் மறுக்கும்போது திரும்பி வருகிற கூலியும் உங்கள் தலையில் விழலாம். அதனால் கூரியர்க் கட்டணத்தை மட்டும் முன்னதாக வாங்கிவிடுங்கள்.

பிளெண்டரின் கண்ணாடிச் சாடியையும் மோட்டரையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்து வைக்காதீர்கள். சாடியைத் தனியாகச் சுற்றி, உள்ளேயும் பேப்பர் அடைத்து, வேறு சின்னப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். மூடி ஒட்டுவதற்கு முன் ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் உடைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் சாமான் ஓடுவதையும், தொடர் இலக்கம் தெரிவதையும், பெட்டிக்குள் வைப்பதையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து, வாங்குகிறவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகே பார்சலைக் கொடுங்கள்.