காதல் கதையில் அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பக்கத்தை வாசிப்பது எப்படி

காதல் கதையைக் கையில் எடுத்தால் கடைசியில் இருவரும் சேர்ந்தார்களா என்றுதான் மனசு தேடும். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தைத் தேடுங்கள். அடுத்த நிமிடம் அவன் என்ன செய்கிறான்? அந்தக் கதை எதை ஆண்மை என்று நம்புகிறது என்பது அங்கேதான் பிடிபடும். இப்படி வாசித்துப் பழகினால் சொந்தக் காதலையும் அதே கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். வலிக்கும்தான், ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள்.

பழக நல்ல இடம் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’. 1813இல் வந்த நாவல். எலிசபெத் என்ற ஒரே பெண்ணிடம் இரண்டு ஆண்கள் தனித்தனியாகத் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறார்கள், இருவருக்குமே ‘முடியாது’ என்றுதான் பதில் கிடைக்கிறது. முதலில் காலின்ஸ். எலிசபெத் மறுத்ததும் அவர் முகம் வாடுவதில்லை. நாகரிகமான பெண்கள் முதலில் மறுப்பதுதானே வழக்கம் என்று அவளுக்கே பாடம் எடுக்கிறார். அவள் திரும்பச் சொல்லச் சொல்ல அவருக்கு நம்பிக்கை கூடுகிறது. கடைசியில் அவள், என்னை மனதில் உள்ளதைச் சொல்லும் அறிவுள்ள ஒரு ஜீவனாக நினைத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் அந்த அறையில் அவளாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள், மூச்சு முட்டும்.

அடுத்தது டார்சி. அவரும் யோக்கியமாகக் கேட்கவில்லை, உன் குடும்பம் எனக்கு எவ்வளவு தாழ்வு என்று சொல்லிக்கொண்டேதான் காதலைச் சொல்கிறார், அவள் ஒத்துக்கொள்வாள் என்ற நிச்சயம் வேறு. மறுத்ததும் கோபம் வருகிறது, கிளம்பிவிடுகிறார். மறுநாள் காலையில் ஒரு கடிதம் கொடுக்கிறார். அதன் தொடக்கத்திலேயே, நேற்று கேட்டதை இதில் மறுபடி கேட்டிருப்பேனோ என்று பயப்பட வேண்டாம் என்கிறார். பிறகு அவளுடைய தங்கையின் சிக்கலைத் தன் பணத்தைக் கொடுத்துத் தீர்க்கிறார், தான் செய்தது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைக்கவும் செய்கிறார். மாதங்கள் கழித்து மறுபடி பேசும்போது, என் மனம் மாறவில்லை, ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இனி இதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்கிறார். பென்சிலால் கோடு போட வேண்டிய இடம் இது. அவர் கேட்டது இரண்டே தடவை, இரண்டாவது தடவை கேட்கும்போது கதவை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்.

சரி, அடுத்து, அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் தவறவிடுவது இதைத்தான். எலிசபெத்தின் அப்பா காலமானால் வீடும் நிலமும் மகள்களுக்கு வராது, காலின்ஸுக்குத்தான் போகும். அந்த மனிதரிடம்தான் அவள் மறுக்கிறாள். அடுத்த இரண்டொரு நாளில் அவளுடைய தோழி சார்லட் அதே காலின்ஸுக்குச் சம்மதம் சொல்கிறாள். அவளுக்கு வயது 27, கையில் சொத்து இல்லை. சார்லட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுக்கிற வசதி இல்லாதவளிடம் வாங்கிய சம்மதத்தைக் காதல் என்று எழுதிவைத்துக்கொள்ள முடியுமா? வாழ்க்கையிலும் இதையே கேளுங்கள். நீங்கள் அவளுக்கு மேலதிகாரியா, செலவுக்கு உங்கள் கையைத்தான் எதிர்பார்க்கிறாளா, ராத்திரி வீடு திரும்ப உங்கள் வண்டியைத் தவிர வேறு வழி இல்லாத நேரத்தில் கேட்கிறீர்களா? அப்படியானால் அது கேட்கிற நேரமே இல்லை.

அப்புறம், ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி வாசித்துப் பாருங்கள். அவன் செய்ததை அவள் செய்திருந்தால் கதை அவளை என்ன பெயர் சொல்லி அழைத்திருக்கும்? நம் பழைய கவிதையிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது, மடலேறுதல். காதல் கைகூடாதவன் பனைமடலில் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, ஊர் பார்க்கத் தெருவில் வருவான், அல்லது வருவேன் என்று மிரட்டுவான். ‘நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன் காமுற்றார் ஏறும் மடல்’ என்கிறது குறள் 1133. நாணமும் ஆண்மையும் முன்பு இருந்தன, இப்போது மிச்சம் மடல்தான் என்று அவனே ஒத்துக்கொள்கிறான், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் பெண் மடலேறக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைக்கிறது, கடல் போன்ற காமம் இருந்தும் மடலேறாத பெண்ணின் பெருமையே பெருமை என்று குறள் 1137 பாராட்டுகிறது. ஒரே வேதனைதான், அவனுக்குத் தெரு கிடைக்கிறது, அவளுக்குப் பாராட்டு மட்டும் கிடைக்கிறது. அவன் தெருவில் இறங்கினால் ஊர் வாயில் விழுவது அவள் பெயரும்தான். நியாயமாகச் சொன்னால், பல பாடல்களில் அந்தப் பெண்ணுக்கும் அவன்மேல் விருப்பம் இருக்கிறது, மடலும் தோழியின் உதவியை வாங்குவதற்கான மிரட்டலோடு நின்றுவிடும். அதையும் சேர்த்தே படியுங்கள், அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அதே திருக்குறளில் ‘பேராண்மை’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 148ஆம் குறளில் அது பிறன்மனை நோக்காமல் இருப்பதைக் குறிக்கிறது. மனைவியை இன்னொருவனின் உடைமையாகவே அந்தக் குறளும் பார்க்கிறது, அது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் கண்ணை அடக்குவதற்குப் போய் இவ்வளவு பெரிய சொல்லைக் கொடுத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் அசந்துபோகிறேன்.

வாய்ச்சொல்லையும் சோதியுங்கள். உனக்காக உயிரையும் கொடுப்பேன் என்கிற ஆள் கதையில் வந்தால், நிஜமாகவே ஆபத்து வரும் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் (1879) கணவன் அப்படித்தான் பேசுகிறான். மனைவி நோரா அவன் உயிரைக் காப்பாற்ற ரகசியமாக வாங்கிய கடன் வெளியே வந்ததும் அவளைத் திட்டித் தீர்க்கிறான். ஆபத்து விலகியதும் அவன் கூவுவது ‘நான் தப்பித்தேன்’. ‘அப்போ நான்?’ என்று அவள் கேட்கிறாள். அவள் வீட்டை விட்டுப் போகிற அந்த முடிவை நடிகை ஏற்காததால், ஜெர்மனியில் மேடையேற்ற அவளை வீட்டிலேயே நிறுத்தும் இன்னொரு முடிவை இப்சனே எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது.

பெண்களுக்கும் இதில் வேலை உண்டு. மறுத்த பிறகும் துரத்துகிறவனைப் பார்த்து உருகுவதும், அழுகிற ஆணைக் கண்டால் மதிப்புக் குறைவதும் தங்களுக்குள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, உங்கள் பழைய செய்திகளைத் திறந்து இதே மாதிரி வாசியுங்கள். நான் வாசித்தேன். எனக்கு 23 வயதில் ஒருத்தி, எனக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நான் ராத்திரி முழுக்க எழுதியவை வரிசையாக இருக்கின்றன, ‘ஒரே ஒரு தடவை பேசணும்’, ‘காரணமாவது சொல்லு’, ‘நான் காத்திருப்பேன்’. அன்றைக்கு அதை என் காதலின் ஆழம் என்று நம்பினேன். மறுநாள் காலையில் இன்னொரு நீண்ட செய்தியைத் தட்டிவைத்துவிட்டு அக்காவிடம் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, “அவதான் பதில் சொல்லிட்டாளேடா, அப்புறம் இது யாருக்கு?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘சரி, புரிந்தது’ என்று மட்டும் அனுப்பினேன்.