வடகடலில் தூண் அறையும் முன்: போர்பாய்ஸ் கண்காணிப்பும் ஒலி அளவீடும்

பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி, கடலடியில் அறையும் காற்றாலைத் தூணைச் சுத்தியல் தொடும் முன், பக்கத்தில் போர்பாய்ஸ் (டால்பின் போன்ற சிறிய கடல் பாலூட்டி) இருக்கிறதா என்று குறைந்தது 30 நிமிடம் தேட வேண்டும். தூணை மையமாக வைத்து 500 மீட்டர் ஆரம். விலங்கு தென்பட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கடைசியாகத் தெரிந்ததிலிருந்து 20 நிமிடமாவது போகட்டும். பிறகு மெல்லடியில் (குறைந்த விசையில் அடிப்பது) தொடங்கி, 20 நிமிடத்துக்குக் குறையாமல் படிப்படியாக விசை ஏற்றுங்கள். நடுவில் 10 நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டால் தேடலும் மெல்லடியும் மறுபடி முதலிலிருந்து.

போர்பாய்ஸ், திமிங்கிலம் மாதிரி நீர் பீய்ச்சிக் காட்டாது. சின்ன முக்கோணத் துடுப்பு ஒரு நொடி உருண்டு மறையும், அவ்வளவுதான். வெள்ளலை எழும்பினால் கண்ணை நம்ப வேண்டாம். இரவிலும் மூடுபனியிலும் ஹைட்ரோஃபோன் எனும் நீரடி ஒலிவாங்கிதான் கதி.

பலர் சறுக்குவது இங்கேதான். போர்பாய்ஸின் கிளிக் ஒலி சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். 96 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும் கருவி அதில் பாதியான 48-க்கு மேல் எதையும் பதியாது. கோப்பு சுத்தமாக இருக்கும், விலங்கும் பக்கத்திலேயே இருக்கும்! மாதிரி வீதத்தை 384 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

ஹைட்ரோஃபோனை இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் பிஸ்டன்ஃபோனால் (அளவு தெரிந்த ஒலியைத் தரும் கருவி) 250 ஹெர்ட்ஸில் அளவு சரிபாருங்கள். நங்கூரத்தில் சங்கிலி வேண்டாம், கயிறு போதும்: ஷாக்கிள் (இணைப்பு வளையம்) உரசும் ‘கிளிங்’ சத்தம் பதிவையே கெடுக்கும். நீரோட்டத்தில் கேபிள் அதிர்வது தாழ் அலைவரிசையில் பொய் இரைச்சலாக விழும்.

ஜெர்மன் பகுதியில் வரம்பு கறாரானது: தூணிலிருந்து 750 மீட்டரில் ஒரு சுத்தியலடியின் ஒலி வெளிப்பாடு (அந்த அடியின் மொத்த ஒலி ஆற்றல் அளவு) 160 டெசிபெல், உச்சம் 190. குமிழித்திரை (ஒலியைத் தடுக்கத் தூணைச் சுற்றி எழுப்பும் காற்றுக் குமிழிகள்) போட்டும் அளவு கூடினால் முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள்; குமிழிகள் ஒருபக்கம் அடித்துச் செல்லப்பட்டிருக்கும்.