மீன் டி.என்.ஏ-வில் இயற்கைத் தேர்வைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைக்கு மீன் மரபியல் படிக்க வரும் புதியவர்கள் வருஷா வருஷம் அதே சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். குழாயில் எண் எழுத மறப்பது, எத்தனால் போதாமல் துடுப்புத் துண்டு அழுகுவது எல்லாம் தானாகவே சரியாகிவிடும், அவற்றை விடுவோம்.

எதிர்மறை டாஜிமா டி

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். முப்பது பேச்சாளையில் (மத்தி வகை மீன்) மைட்டோகாண்டிரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணுவைப் படிக்கிறார்கள். அரிய மாற்றங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுந்தால் எதிர்மறையாகும் டாஜிமா டி என்ற அளவு மைனஸ் 2-க்குப் பக்கத்தில் வருகிறது, தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பைச் சொல்லும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே. உடனே ‘இயற்கைத் தேர்வு உறுதியானது’ என்று ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது. மீன்களின் எண்ணிக்கை காலங்காலமாக மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மென்பொருள் அந்த பி-மதிப்பைக் கொடுத்தது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இந்தக் கடலில் அந்த அனுமானம் நிற்காது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லை. அன்றைக்கு அது வெறும் தரை. தண்ணீர் ஏறிய பிறகு பரவிப் பெருகிய கூட்டத்தில், ஒரே ஒரு மீனில் மட்டும் தென்படும் மாற்றங்கள் குவிந்து கிடக்கும். டி எதிர்மறையாகத்தான் வரும். தேர்வு நடந்திருந்தாலும் இதே தடயம்தான். மைட்டோகாண்டிரியா முழுக்க ஒரே கட்டாகக் கடத்தப்படுவதால், அதிலேயே இன்னொரு மரபணுவைச் சேர்த்தாலும் புதுச் சாட்சி கிடைக்காது. ஃபூவின் எஃப்.எஸ் என்ற இன்னொரு சோதனையைப் போடுவதும் வீண். கூட்டம் பெருகியதை அது இன்னும் கூர்மையாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எண்ணிக்கை மாற்றம் மரபணுத்தொகுதி முழுவதையும் தொடும். தேர்வு சில இடங்களையும் அவற்றின் அக்கம்பக்கத்தையும்தான் தொடும். ஆகவே உட்கரு டி.என்.ஏ-வில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படியுங்கள். புரதத்தை மாற்றாத இடங்களை வைத்து எண்ணிக்கை வரலாற்றைக் கணித்து, அதன்படி 10,000 முறை உருவகப்படுத்துங்கள். உங்கள் மரபணுவின் டி அந்தப் பரவலின் வால்பகுதியில் விழுந்தால்தான் பேச்சே. பேச்சாளைக்கு உறவான சூடையை ஒப்பீட்டு இனமாக வைத்து மெக்டொனால்ட்-கிரெய்ட்மன் சோதனையும் போடலாம். புரதத்தை மாற்றும் மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதம் இனத்துக்குள்ளும் இரு இனங்களுக்கிடையிலும் ஒன்றா என்று பார்ப்பது அது. எண்ணிக்கை மாற்றம் அதை அவ்வளவாக அசைக்காது. லேசாகத் தீங்கு செய்யும் மாற்றங்கள் மிகுந்திருந்தால் மட்டும் அது தேர்வைக் குறைத்துக் காட்டும்; அதோடு கூட்டமும் பெருகியிருந்தால் கூட்டியும் காட்டலாம்.

ஏலத்தில் வாங்கிய மீன்

பாம்பனில் இறங்குவதெல்லாம் ஒரே கடல் மீன் என்று எழுதாதீர்கள். வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா), எந்த வலை, எத்தனை பாகம் (மீனவர்களின் ஆழ அளவு) ஆழம் என்று படகுக்காரரிடமே கேளுங்கள். கூடையில் கலந்த பிறகு வியாபாரி வாய்க்கு வந்ததைச் சொல்வார். சின்னப் பேச்சாளையோடு நாலைந்து சூடை சேர்ந்துவிட்டாலே டி.என்.ஏ-வின் சில இடங்களில் எஃப்.எஸ்.டி (இரு கூட்டங்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாட்டின் அளவு) எகிறும். அதற்கும் ‘தேர்வு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

தட்டு

டி.என்.ஏ மாதிரிகளை ஏற்றும் தட்டை வடகடலுக்கு ஒன்று, தென்கடலுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டாம். தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாடு கடலின் வேறுபாடுபோலத் தெரியும். 96 குழியிலும் கலந்து ஏற்றுங்கள்.

ஹார்டி-வைன்பெர்க் வடிகட்டி

தற்செயலாக இணைசேரும் ஒரே கூட்டத்தில் எதிர்பார்க்கும் மரபுவகை விகிதத்திலிருந்து விலகும் இடங்களைப் பிழை என்று நீக்குவதுதான் இந்த வடிகட்டி. இரு கடல் மீனையும் ஒன்றாகக் கொட்டி வடிகட்டினால், இரு கடலுக்கிடையே வேறுபடும் இடங்கள், அதாவது நீங்கள் தேடி வந்த இடங்கள்தான் முதலில் வெட்டுப்படும். தனித்தனியாக ஓட்டுங்கள்.