மேக்பெத்: உறுத்தல் எங்கே தொடங்குகிறது?

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். ‘இந்த நாடகத்தில் கொலையும் குற்றவுணர்வும்’ என்று கேள்வி வந்துவிட்டால் பெரும்பாலான விடைகள் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும்: ஸ்காட்லாந்து அரசன் டங்கனை அவனுடைய தளபதி மேக்பெத் கொன்றான், அதன்பிறகு மனச்சாட்சி அவனை வாட்டியது. உப்பைத் தின்னவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும் என்ற கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேக்பெத் உப்பை வாயில் போடுவதற்கு முன்பே தாகமெடுத்துத் தவித்தவன். அதைக் கவனிக்காமல் விட்டால் மிச்ச நாடகமும் கைநழுவிப் போகும்.

முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சிக்குப் போங்கள். சூனியக்காரிகள் மூவரும் ‘நீ அரசனாவாய்’ என்று வாழ்த்துகிறார்கள். மகிழ வேண்டியவன் திடுக்கிடுகிறான். பக்கத்தில் நிற்கும் சக தளபதி பாங்க்வோ அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் பயப்படுகிறாய் என்று கேட்கிறான். சற்று நேரத்தில், அந்தச் சூனியக்காரிகள் சொன்ன இன்னொரு வாழ்த்தின்படியே காவ்டர் பிரபு பட்டம் கிடைத்த தகவல் வருகிறது. மேக்பெத் ஒதுங்கி நின்று தனக்குள் பேசிக்கொள்கிறான்: முடி சிலிர்த்து நிற்கிறது, நெஞ்சு விலா எலும்பில் வந்து முட்டுகிறது. கொலை என்ற சொல்லை அவனிடம் யாருமே சொல்லவில்லை. அவன் மனசுக்குள்ளிருந்து அதுவாக எழுந்து வருகிறது.

ஏழாம் காட்சியில் உள்ளே விருந்து நடக்கும்போது அவன் மட்டும் தனியே வந்து நிற்கிறான். டங்கன் என் உறவினன், என் அரசன், இன்றைக்கு என் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தி எடுப்பதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கொல்வதற்கு எகிறிக் குதிக்கும் பேராசையைத் தவிர வேறு காரணமே இல்லை என்பதும் அவன் வாயாலேயே வருகிறது. இத்தனையும் கொலைக்கு முன்னால். ஆகவே, ‘தப்பு செய்தவனை மனச்சாட்சி எப்படித் தண்டித்தது’ என்று இந்த நாடகத்தைச் சுருக்கிவிடாதீர்கள். தப்பென்று முழுசாகத் தெரிந்தவன், அதைத் தனக்கே இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவன், ஏன் செய்கிறான் என்று கேளுங்கள். என்னை இந்த நாடகத்தோடு கட்டிப்போட்டிருப்பது அந்தக் கேள்விதான்.

சூனியக்காரிகள் மேல் பழியைப் போடுவது இன்னொரு சறுக்கல். ‘கொல்’ என்று அவர்கள் எங்கேயும் சொல்வதில்லை. அதே இடத்தில் நின்று தன் சந்ததி அரசாளும் என்ற வாக்கைக் கேட்ட பாங்க்வோ கத்தியைத் தேடிப் போகவில்லை. மனைவி லேடி மேக்பெத்தான் கெடுத்தாள் என்பதும் பாதி உண்மைதான். பின்வாங்கும் கணவனைப் பார்த்து அவள், இந்தத் திட்டத்தை என்னிடம் முதலில் வாய்விட்டுச் சொல்ல வைத்த மிருகம் எது என்று கேட்கிறாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே விடையின் போக்கை மாற்றிவிடலாம்.

இப்போது இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. நேரம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். டங்கன் கொல்லப்படுவதை நாம் பார்ப்பதே இல்லை. அது மேடைக்கு வெளியே நடக்கிறது. நாம் பார்ப்பது ரத்தக் கையோடு திரும்பி வருகிறவனை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது இப்படி இருக்கிறது: ‘நீங்கள் பேசவில்லையா?’ ‘எப்போது?’ ‘இப்போதுதான்.’ ‘நான் இறங்கி வந்தபோதா?’ ‘ஆமாம்.’ மூலத்தில் இவை ஒரு சொல், இரண்டு சொல் வரிகள். கொஞ்சம் முன்புவரை நீண்ட உவமைகளில் பேசிக்கொண்டிருந்தவன் மூச்சு வாங்குகிறான். கதைச்சுருக்கம் மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த மூச்சிரைப்பு கிடைக்கவே கிடைக்காது.

அதே காட்சியில் ‘ஆமென்’ வருகிறது. பக்கத்து அறையில் தூங்கும் இருவர் விழித்து ஜெபிக்கிறார்கள். ஒருவன் ‘கடவுளே எங்களுக்கு ஆசி தாரும்’ என்கிறான், மற்றவன் ‘ஆமென்’ என்கிறான். மேக்பெத்தால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. ஆசி எனக்குத்தான் மிகவும் வேண்டியிருந்தது, ‘ஆமென்’ தொண்டையில் சிக்கிக்கொண்டது என்கிறான். ‘கடவுள் அவனைக் கைவிட்டார்’ என்று ஒரு வரியில் கடந்துபோகாதீர்கள். கொலை செய்த கையோடு ஒருவன் ஜெபத்தில் சேர்ந்துகொள்ளப் பார்க்கிறான், முடியாததைக் கண்டு குழந்தைபோல ‘ஏன் முடியவில்லை?’ என்று மனைவியிடம் கேட்கிறான். அவளுக்கு அவன் கையில் இன்னும் கத்திகள் இருப்பது கண்ணில் படுகிறது. திரும்பப் போய் வைத்துவிட்டு வா என்கிறாள். ‘செய்ததை நினைக்கவே பயமாக இருக்கிறது, மறுபடி பார்க்க மாட்டேன்’ என்கிறான். அவளே எடுத்துக்கொண்டு போகிறாள்.

அவன் கடல் முழுக்க இருக்கும் தண்ணீர்கூட இந்தக் கையைக் கழுவாது என்கிறான். அவள் கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். இதைப் பார்த்துவிட்டு ‘அவன் இளகிய மனசுக்காரன், அவள் கல்நெஞ்சக்காரி’ என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சூனியக்காரிகள் சொன்னதைத் தெரிவித்துக் கணவன் எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே அவள் தீய சக்திகளிடம் என்ன வேண்டுகிறாள்? இரக்கம் உள்ளே வரும் வழியை அடைத்துவிடு என்கிறாள். இரக்கமே வராத மனசுக்கு அடைப்பு எதற்கு? டங்கன் தூங்கும்போது என் அப்பாவின் சாயலில் இல்லாமலிருந்தால் நானே முடித்திருப்பேன் என்கிறாள். விரிசல் அங்கேயே தெரிகிறது.

மூன்றாம் அங்கத்தில் தனியாக இருக்கும்போது, எல்லாம் செலவழித்தும் ஒன்றும் கைக்கு வரவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். அடுத்த நொடி கணவன் வருகிறான். முகத்தை மாற்றிக்கொண்டு ‘நடந்தது நடந்துவிட்டது’ என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி அதே பேச்சு மறுபடி வருகிறது: ‘நடந்ததை இல்லை என்று ஆக்க முடியாது.’ இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் மூன்று பக்க வர்ணனை வேண்டியதில்லை.

பயத்தையும் குற்றவுணர்வையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குவது கொஞ்சம் நுணுக்கமான பிழை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் மாட்டுகிறார்கள். பாங்க்வோவை ஆள் வைத்துக் கொல்லச் சொல்வது உறுத்தலால் இல்லை. அவன் வம்சத்துக்கு அரியணை போய்விடுமே என்ற பயத்தால். விருந்தின் நடுவே கொலையாளி வந்து, பாங்க்வோ செத்தான், மகன் ஃப்ளீயன்ஸ் தப்பிவிட்டான் என்கிறான். ‘அப்படியானால் என் நடுக்கம் மறுபடி வருகிறது’ என்கிறான் மேக்பெத். பாங்க்வோவின் ஆவி இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த நடுக்கம் ஆபத்து பாக்கி இருப்பதால் வந்தது. பிறகு ஆவி வந்து மேக்பெத்தின் இருக்கையில் உட்காருகிறது. அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அதனிடம் அவன் சொல்லும் முதல் வாக்கியம், ‘நான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது’. கூலியாட்களை அனுப்பியவன் கோர்ட்டில் நின்று பேசுவதைப் போன்ற பதில். உறுத்தல் இருக்கிறது, ஆனால் அது சாக்குச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகு, எந்த இடத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று எழுதுங்கள்.

அடுத்த கொலைக்கு அவனுக்குத் தனிமொழியும் இல்லை, தயக்கமும் இல்லை. ஃபைஃப் பிரபு மேக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிய செய்தி வந்ததும், இனி மனசில் தோன்றும் முதல் எண்ணமே கையின் முதல் செயல் என்று சொல்லி, மேக்டஃபின் மனைவி மக்களைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். டங்கன் சாவை மறைத்த நாடகம், மேக்டஃபின் சிறு மகன் குத்தப்படுவதை மேடையிலேயே காட்டுகிறது. ஏன் இந்த மாற்றம் என்று கேட்காமல் விடாதீர்கள். பிறகு அந்தக் கொலை எங்கே உறுத்துகிறது தெரியுமா? லேடி மேக்பெத்தின் தூக்கத்தில். ‘ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், இப்போது எங்கே அவள்?’ அவன் அனுப்பிய ஆட்கள் செய்த கொலையை இவள் சுமக்கிறாள்.

அதற்காக, கடைசியில் மேக்பெத்தின் மனசு செத்துவிட்டது என்று முடித்துவிடவும் கூடாது. பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்று சொன்னவன்தான், போர்க்களத்தில் மேக்டஃபைக் கண்டதும், திரும்பிப் போ, உன் வீட்டு ரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாமேல் அதிகமாக இருக்கிறது என்கிறான். ஒன்றரை வரிதான், எத்தனையோ பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதேபோல, இருவரும் மனந்திரும்பினார்கள் என்றும் எழுதாதீர்கள். வேதனைப்படுவது வேறு, மன்னிப்புக் கேட்பது வேறு; அவர்கள் அப்படிக் கேட்கும் இடம் நாடகத்தில் இல்லை. லேடி மேக்பெத் தற்கொலை செய்துகொண்டாள் என்பதையும் டங்கனின் மகன் மால்கம் கடைசிப் பேச்சில் ‘என்று எண்ணப்படுகிறது’ என்ற அளவில்தான் சொல்கிறான். அவளுக்கு இன்றைய மனநோய்ப் பெயர் எதையாவது சூட்டுவதும் வேண்டாம். இவளுக்கு வைத்தியரைவிடப் பாதிரியார்தான் தேவை என்று நாடகத்து வைத்தியரே சொல்லிவிடுகிறார்.

வரலாற்றைக் கொஞ்சமாகத் தொட்டால் போதும். நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன். டங்கனைப் போரில் வீழ்த்தியவன். ஷேக்ஸ்பியர் கையாண்ட ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டங்கன் இளைஞன், பாங்க்வோ சதியில் கூட்டாளி. நாடகம் டங்கனை வயதானவனாக்கி, விருந்தாளியாக்கி, தூங்கவைத்து, பாங்க்வோவின் கையைச் சுத்தமாக்கிவிடுகிறது. அதாவது மேக்பெத்துக்கு இருக்கக்கூடிய ஒவ்வொரு சமாதானத்தையும் பிடுங்கிவிடுகிறது. 1605-இல் அரசன் ஜேம்ஸை வெடிமருந்து வைத்துக் கொல்ல நடந்த சதி அம்பலமான சமயத்தை ஒட்டி, 1606 வாக்கில் எழுதப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். அதற்குமேல் போனால் விடை சரித்திரக் கட்டுரையாகிவிடும்.

மேற்கோள் என்றால் எல்லோரும் ரத்தக்கறையைப் பற்றிய அந்த ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள். அது வரும் ஐந்தாம் அங்கத்துத் தூக்கநடைக் காட்சியில் அதற்குச் சற்று முன்னால் நிறுத்திப் பாருங்கள். லேடி மேக்பெத் கையில் விளக்கோடு வருகிறாள். அந்த விளக்கு எப்படிக் கிடைத்தது என்று வைத்தியர் கேட்கிறார். எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும், அது அரசியின் உத்தரவு என்கிறாள் பணிப்பெண். இப்போது பக்கங்களைப் பின்னால் புரட்டி முதல் அங்கம் ஐந்தாம் காட்சிக்கு வாருங்கள். அடர்ந்த இரவே வா, என் கத்தி தான் போடும் காயத்தைப் பார்க்காதபடி மூடு என்று இருட்டைக் கூப்பிட்டவளும் இவள்தான். அங்கே செய்யுளில் பேசியவள், இங்கே செய்யுள் குலைந்து துண்டு துண்டான உரைநடையில் பேசுகிறாள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. உங்கள் விடையை இந்த விளக்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.