வேலைநீக்கம்: ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் நம்புவதால் நேரும் தவறுகள்

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருப்பது இருவர் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டுமே, வேண்டாமென்றால் அறிவிப்புக் கொடுத்து விலக்கிவிடலாம் என்பது, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான ஆங்கிலப் பொதுச் சட்டம் விட்டுச்சென்ற கொள்கை. தொழில் உறவுகளை அதன் வழியிலேயே முறைப்படுத்தினால் போதும் என வாதிடுவோர் இன்றும் உண்டு. முந்திரி ஆலைகளும் ரப்பர் தோட்டங்களும் நிறைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வெறும் ஏட்டுவாதம் அன்று. வேலையிழந்தவர் எந்தப் படியேறுவது என்பதையே இது தீர்மானிக்கிறது.

மீண்டும் வேலை கேட்பவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதுதான் பெருந்தவறு. ஒருவரைப் பணியில் வைத்துக்கொள்ளும்படி அந்த நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. இழப்பீட்டோடு வழக்கு முடிந்துவிடும். மாறாக, தொழிற்தகராறுகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயம், நீக்கப்பட்டவருக்கு மீண்டும் பணி வழங்க ஆணையிடலாம் என்பதை 1949இலேயே வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் சங்க வழக்கில், உச்ச நீதிமன்றத்துக்கு முன்பிருந்த ஃபெடரல் நீதிமன்றம் ஏற்றது. தொழிற்தகராறுச் சட்டம் புதிதாகத் தந்த உரிமையை அச்சட்டம் காட்டும் வழியில்தான் பெற முடியும் என்று 1975இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே மனுவை முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் கொடுக்க வேண்டும். 45 நாட்களில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அப்படி அணுகுவதற்கு முன்பு 3 ஆண்டாக இருந்த காலவரம்பை, தொழிற்தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2 ஆண்டாகக் குறைத்திருக்கிறது. தவறான நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு அலைபவருக்கு இது கொடிய குறைப்பு என்றே கருதுகிறேன்.

நியமன ஆணை இல்லை, எடைக்குத்தான் கூலி, அதனால் தமக்கு உரிமையில்லை என்று ஒதுங்குவது அடுத்த தவறு. உற்பத்தி அளவுக்கேற்பக் கூலி பெற்று, உதவிக்குத் தம் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்ட சௌராஷ்டிர உப்பளத்தாரைத் தொழிலாளர்களே என்று தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குமரி மாவட்டப் புத்தளம் உப்பளத்தில் உழைப்பவரும் முந்திரி உடைப்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும். இடையில் ஒப்பந்ததாரர் இருந்தாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு நடக்கிறதோ அவரே உண்மையான முதலாளியாகக் கருதப்படலாம் என்பது 1978இல் வந்த உசேன்பாய் வழக்கின் தீர்ப்பு. அன்றாடம் எடை குறித்துத் தரும் சீட்டு, வருகைக் குறிப்பேட்டின் படம், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றை எறிந்துவிடக் கூடாது. ஆணை இல்லாதவருக்கு அவையே சான்று.

முதலாளிகளும் தவறுகிறார்கள். ஆட்குறைப்பில் ஒரு மாத அறிவிப்பு மட்டும் போதாது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும்.

அதற்காகப் பொதுச் சட்டத்தை முற்றாகத் தள்ளுவதும் சரியன்று. குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேளாமல் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதி அதில் வேரூன்றியதே. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் கோபத்தில் வாங்க மறுக்காமல், பெற்றுக்கொண்டு, எழுத்தில் பதில் தந்து, அதன் நகலில் ஒப்புதல் கையொப்பம் வாங்கிவைக்க வேண்டும்.