சிங்கப்பூரில் உளவியலாளர் ஆவது எப்படி? அடிப்படையிலிருந்து ஒரு வழிகாட்டி

"அப்போ நீ உட்பிரிட்ஜுல வேலை பார்க்கப் போறியா?" சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் என் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். 1928இல் திறந்த மனநல மருத்துவமனைக்கு 1951இல் வைத்த பெயர் அது. 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் பழைய பெயரே வருகிறது. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வேலை என்று பிரித்துப் பாருங்கள்

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவம் படித்து, அதற்குமேல் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். அவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பேசிக் கேட்பார், சோதனைகள் வைத்து மதிப்பிடுவார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். ஆலோசகருக்கும் சமூக சேவையாளருக்கும் தனித்தனிப் படிப்புகள் உண்டு. ஆட்களோடு பேசப் பிடிக்கும், ஆராய்ச்சியும் எண்களும் வேண்டவே வேண்டாம் என்றால் அந்த வழிகளைத் தயங்காமல் பாருங்கள்.

உளவியலுக்குள்ளேயும் கிளைகள் இருக்கின்றன. மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல், பள்ளிப் பிள்ளைகளோடு கல்வி உளவியல், சிறைத்துறையில் குற்றம் சார்ந்த உளவியல் என்று போகும். இதை இப்போதே முடிவுசெய்ய வேண்டியதில்லை.

படி 2: காசு கட்டுமுன் ருசி பாருங்கள்

தொண்டூழியம்தான் மலிவான வழி. இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பில் பிள்ளைகளுக்கு வழிகாட்டலாம், உங்கள் புளோக்குக்கு அருகிலுள்ள முதியோர் நிலையத்தில் உதவலாம். 1969 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 உதவி எண்ணில் அழைப்பை எடுப்பவர்களில் பயிற்சி பெற்ற தொண்டூழியர்களும் உண்டு. ஆறு மாதம் எங்காவது போய்வாருங்கள். அழுகிற ஒருவர் எதிரே உடனே அறிவுரை சொல்லாமல் உட்கார முடிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். எனக்கு முதலில் முடியவில்லை. "கவலைப்படாதீங்க ஆன்ட்டி, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி ஒரு பாட்டியின் பேச்சை நடுவிலேயே நிறுத்தியவன் நான்.

படி 3: இளங்கலைப் பட்டம்

தொடக்கக் கல்லூரியின் ஏ நிலைப் பாடங்களில் சைக்காலஜி கிடையாது, அதனால் முன்பே படிக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி வழி வருபவர்களுக்குத் தெமாசெக்கில் உளவியல் டிப்ளோமா இருக்கிறது. பட்டத்துக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்), ஜேம்ஸ் குக் ஆகியவற்றைப் பார்க்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் (எஸ்யுஎஸ்எஸ்) பகுதிநேரப் படிப்பு உண்டு.

சேர்ந்ததும் பலருக்கு அதிர்ச்சி தருவது புள்ளியியல். கனவு விளக்கமும் ஃபிராய்டும் எதிர்பார்த்து வருவார்கள், முதல் ஆண்டிலேயே சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு), ஆராய்ச்சி முடிவை எடைபோட உதவும் பி-மதிப்பு என்று வந்து நிற்கும். இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவுத்திறன் சோதனையில் ஒரு பிள்ளையின் மதிப்பெண் 85 என்றால் அது கவலைக்குரியதா, சாதாரணமா என்று நாளைக்குப் பெற்றோரிடம் விளக்கப்போவது நீங்கள். பெரும்பாலான அறிவுத்திறன் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. அப்படியென்றால் 85 சராசரிக்குச் சரியாக ஒரு திட்ட விலக்கம் கீழே, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் அதற்கும் கீழே இருப்பார். இந்தக் கணக்கு கைவசம் இருந்தால், "என் மகன் மக்கா?" என்று கேட்கும் அப்பாவுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம்.

இன்னொன்று: ஹானர்ஸ் எனும் சிறப்புப் பட்டத்தோடு முடியுங்கள், நல்ல தரத்தில் முடியுங்கள். முதுகலைக்கான கதவு அங்கேதான் இருக்கிறது. தனியார் கல்லூரியில் சேர்பவர்கள், பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, தாங்கள் பின்னால் போக நினைக்கும் முதுகலைப் படிப்பு அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "ஏற்பாங்கதான்" என்ற முகவரின் வாய்ச்சொல்லை நம்பி என் தோழி ஒருத்தி ஒரு முழு ஆண்டை இழந்தாள்.

படி 4: நடுவில் ஒரு வேலை

பட்டம் முடித்த உடனே முதுகலையில் இடம் கிடைப்பது அரிது. ஆராய்ச்சி உதவியாளர், உதவி உளவியலாளர், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை, எதுவானாலும் ஓரிரு ஆண்டு பாருங்கள். நேர்முகத் தேர்வில் பேச உங்களிடம் ஏதாவது இருக்கும்.

படி 5: முதுகலை

இதுதான் குறுகலான வாசல். கிளினிக்கல் முதுகலை தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஜேம்ஸ் குக்கிலும் இருக்கிறது. கல்வி உளவியலுக்குத் தேசியக் கல்விக் கழகம். எடுக்கும் ஆட்கள் கொஞ்சம்தான். வகுப்போடு, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். அந்தக் காலத்தில் முழுநேர வேலை பார்ப்பது கடினம் என்பதால் பணத்தை முன்பே எண்ணிவையுங்கள். உபகாரச் சம்பளம் கிடைத்தால் பிணைக்காலம் (பணம் தந்தவர்களிடம் கட்டாயமாக வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை ஆண்டு என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்.

ஆண்டுகளில் மொத்தக் கணக்கு இதுதான்: பட்டம் நான்கு, வேலை ஒன்றோ இரண்டோ, முதுகலை முழுநேரமாக இரண்டு. ஆண்களுக்குத் தேசிய சேவை இரண்டு ஆண்டும் சேரும். முப்பது வயதுக்கு முன் முடிந்தால் நல்ல வேகம்தான்.

படி 6: பதிவு

1979இல் தொடங்கிய சிங்கப்பூர் உளவியல் சங்கம் உளவியலாளர் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. தகுதி வந்ததும் அதில் சேருங்கள். 2011இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் முதலில் இயன்முறை, தொழில்வழி, பேச்சு சிகிச்சையாளர்களைத்தான் பதிவுக்குள் கொண்டுவந்தது. உளவியலாளர்களையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது, ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் சுகாதார அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம், தமிழ்

இதற்குப் படி எண் போடவில்லை, முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது. படிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எதிரே உட்காரும் தாத்தா "டிப்ரெஷன்" என்று சொல்லமாட்டார். "ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்பார். நெஞ்சு அடைப்பு என்றதும் முதலில் இதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், அது சரி என்றால் மனத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்தால் அந்த "வேற ஒண்ணும் இல்ல" பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதற்குள்தான் பாதி விஷயம் இருக்கும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். வீட்டில், தேக்கா சந்தையில், எம்ஆர்டியில், நம்மவர்கள் மனக் கஷ்டத்தை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். பேர் வேண்டாம், சொல் மட்டும் போதும். என் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது பெரியம்மா சொன்னது: "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."