ரோட்டோரச் சாமியை நகர்த்துவது எப்படி: ஒரு பழைய ஆர்.ஐ.யின் குறிப்புகள்

தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பீடம் முளைத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். நான் கிராம நிர்வாக அலுவலராகவும் (வி.ஏ.ஓ.) பிறகு வருவாய் ஆய்வாளராகவும் (ஆர்.ஐ.) திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோயில், கெபி (மாதா சுரூபம் வைத்த சிறு குகைக்கோயில்), கொடிமரம், தர்கா, சூலம் என்று எல்லாவற்றையும் சங்கிலி போட்டு அளக்க நின்றிருக்கிறேன். இன்னொரு வகைப் போனும் வரும். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், எங்கள் சாமிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்யலாம்? இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் வேலை, கொஞ்ச நேரத்துக்குச் சாமியை விட்டுவிட்டு நிலத்தைப் பார்ப்பது. அந்த இடத்தின் சர்வே எண் என்ன? தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பட்டாவைப் பார்த்து, அங்கிருந்து நூல் பிடித்துப் போகலாம். 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரமும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்ற கிராமக் கணக்கு) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) கிடைக்கும். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சாலை, வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை, மந்தை, களம் என்று ஏதாவது இருக்கும். சில சமயம் 'கோயில்' என்றே இருக்கும்.

இதை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ஊரில் சுடலைமாடன் பீடம் ஒன்று தார்ச்சாலையில் பாதி ஏறி நின்றது. லாரி திரும்ப முடியவில்லை என்று புகார். சர்வேயர், தலையாரி, நான் மூவரும் போய் அளந்தால், பதிவேட்டில் அந்த 3 சென்ட் கோயில் புறம்போக்கு. வண்டித்தடம் ஒரு காலத்தில் சுற்றிப் போயிருக்கிறது. பிறகு தார் போட்டவர்கள் வளைவை நேராக்கி மாடனின் இடத்துக்குள் ரோட்டை விட்டிருக்கிறார்கள். ஆக்கிரமித்தது சாமி இல்லை, ரோடுதான். பூசாரி அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே எங்கள் மூவருக்கும் திருநீறு பூசி அனுப்பினார். "எங்க தாத்தா காலத்திலேயே விளக்குப் போட்ட இடம்" என்று யாராவது சொன்னால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். மெய் என்றும் முடிவு கட்டாதீர்கள். பதிவேட்டைப் பாருங்கள்.

அடுத்தது அளவு. நீங்களே டேப் பிடித்து அளப்பது உங்கள் திருப்திக்கு மட்டும்தான். செல்லுபடியாவது சர்வேயர் புலப்படத்தை வைத்து, கல்லிலிருந்து கல்லுக்கு அளந்து தருவதுதான். சாலையின் இரண்டு எல்லைக்கல்லையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாதி ஊர்களில் கல் காணாமல் போயிருக்கும். சில ஊர்களில் அந்தக் கல்லுக்கே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருப்பார்கள். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கமிட்டிக்காரர்கள் ஒரு பையில் காகிதம் கொண்டுவருவார்கள். கரண்ட் பில் இருக்கும், வீட்டுவரி ரசீது இருக்கும், கும்பாபிஷேக நோட்டீஸ் இருக்கும். எதுவும் நிலத்துக்கு உரிமை தராது. பெரிய வேடிக்கை பி-மெமோ ரசீது. "பாருங்கம்மா, இருபது வருசமா சர்க்காருக்குப் பணம் கட்டுறோம்" என்று பெருமையாக நீட்டுவார்கள். அது அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் இருக்கிறீர்கள் என்று போட்ட தீர்வையும் அபராதமும். அவர்களே கொண்டுவந்து கொடுக்கும் ஆதாரம். நான் சிரித்ததில்லை, வாங்கி நகல் எடுத்து வைத்துக்கொள்வேன்.

மூன்றாவதாக, கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. 2006 மே மாதம் குஜராத்தில் வதோதராவில் சாலைக்காக ஒரு பழைய தர்காவை மாநகராட்சி இடித்தது. கலவரம் வந்து உயிர்கள் போயின. குஜராத் உயர் நீதிமன்றம், பொது இடத்தில் உள்ள எல்லா வழிபாட்டுக் கட்டடங்களையும் அகற்றச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கில் 29.09.2009 அன்று வந்த இடைக்கால உத்தரவுதான் இன்றைக்கும் நமக்கு அளவுகோல். இனிமேல் தெருவிலோ பூங்காவிலோ வேறு பொது இடத்திலோ கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா என்று எந்தப் பெயரிலும் அனுமதியில்லாத கட்டடம் எழும்பக் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை மாநில அரசு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். 2018 ஜனவரியில், இதைக் கண்காணிக்கும் வேலையை உச்ச நீதிமன்றம் அந்தந்த உயர் நீதிமன்றங்களிடம் விட்டுவிட்டது.

ஆக, 2009-க்கு முன்பா பின்பா என்பது பெரிய கேள்வி. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். மின் இணைப்பு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். எனக்கு நம்பகமான சாட்சி கல்யாண ஆல்பம். அந்தத் தெருவில் மாப்பிள்ளை அழைப்பு எடுத்த போட்டோவில், மாப்பிள்ளைக்குப் பின்னால் பீடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

புதிதாக முளைத்தது என்றால் ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். செங்கல்லும் மஞ்சள் துணியும் மட்டும் இருக்கும்போதே தேதியோடு போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் கொடுத்து, மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். தகரக் கூரை வந்து, உண்டியல் வந்து, ஒரு ஆடி மாதம் கூழும் ஊற்றியாகிவிட்டால் அது பத்து வருட வேலை. நீங்களாகப் போய்க் கல்லைப் பிடுங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வழிபாட்டுப் பொருளைச் சேதப்படுத்தினீர்கள் என்று பாரதிய நியாய சன்ஹிதா 298-வது பிரிவில் (பழைய இ.பி.கோ. 295) வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மனு யாருக்கு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையா, ஒன்றியச் சாலையா, ஊராட்சித் தெருவா என்று பார்த்து, அந்தச் சாலைக்குச் சொந்தக்காரருக்கு எழுத வேண்டும். வருவாய்த் துறைக்கு வந்தால் 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-வது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6-வது பிரிவில் அகற்றும் உத்தரவு, அதன் மேல் முறையீடு என்று வரிசையாகப் போகும். 7-ஐத் தாண்டி நேரே 6-க்குப் போனால் கோர்ட்டில் நிற்காது. நோட்டீஸ் வந்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தந்தார்களா, அளந்த வரைபடம் இணைத்தார்களா? தரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். சாமி பெயருக்கே நோட்டீஸ் தயாரித்த ஒரு இளம் எழுத்தரை எனக்குத் தெரியும். 'அருள்மிகு பிள்ளையார் அவர்களுக்கு' என்று இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் சாட்சி வைத்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இனி நான் செய்த தவறு. நான் ஆர்.ஐ. ஆன புதிதில், கடற்கரையை ஒட்டிய ஒரு ஊரில், சாலை ஓரத்து மாதா கெபியைப் பற்றி மனு வந்தது. போனேன், அளந்தேன், கெபியின் படி சாலைக்குள் நாலடி. குறித்துக்கொண்டு திரும்பும்போது ஒரு பாட்டி கேட்டார்: "தாயி, எதிர்த்தாப்ல இருக்குற சூலத்த அளந்தியா?" இல்லை. மனுவில் அது இல்லை, அதனால் அளக்கவில்லை. என் நெற்றியில் இருந்த குங்குமத்தை அந்தப் பாட்டி ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. மறுநாள் முழுச் சாலையையும் இரண்டு பக்கமும் அளந்தோம். சூலத்தின் மேடை ஆறடி உள்ளே. டீக்கடைப் படி மூன்றடி. ஒரு அரசு அலுவலகத்தின் சுற்றுச்சுவர் ஏழடி! பட்டியல் முழுதாக வந்ததும் சண்டை தணிந்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரியில் இரண்டு தரப்பிலும் கல் எறிந்ததில் ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. அது என் கணக்கில் எழுத வேண்டியது.

அதனால் மனு எழுதும்போதே 'இந்தச் சாலையில் உள்ள எல்லா ஆக்கிரமிப்புகளையும் அளந்து அகற்றவும்' என்று எழுதுங்கள். ஒரே ஒரு மதத்தின் சின்னத்தை மட்டும் சுட்டி எழுதிய மனுவைக் கண்டால், அதிகாரிக்கு முதலில் தோன்றுவது இவர் எந்தக் கட்சி என்பதுதான். பொது நிலத்தில் எந்தச் சின்னமும் கூடாது என்பவருக்கும், பக்கத்துச் சாமி கூடாது என்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

அடுத்து பேச்சுவார்த்தை. தாசில்தார் அறையில் கமிட்டி, போலீஸ், சாலைத் துறை எல்லாரும் உட்காருவார்கள். அங்கே ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "உங்க ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே பிள்ளையார் இருக்காரே, அவருக்கு நோட்டீஸ் எங்கே?" 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதே அரசு அலுவலகங்களில் சாமி படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. அதன் பிறகு எத்தனை ஆபீசில் எத்தனை பிள்ளையார் வந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். நியாயமான கேள்விதான். மழுப்பினால் கூட்டம் கையை விட்டுப் போய்விடும். "ஆமாம், அதையும் எழுதிக் கொடுங்கள்" என்று நான் சொல்லிவிடுவேன். கோர்ட்டும் சாமி என்று விட்டுவைப்பதில்லை. 2022-ல் நாமக்கல் கோயில் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம், பொது இடத்தைக் கடவுளே ஆக்கிரமித்தாலும் அகற்றத்தான் உத்தரவிடுவோம் என்ற பொருளில் சொன்னது. ஆனால் பேச்சுவார்த்தையில் இதை முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். எழுந்து போய்விடுவார்கள்.

பேசாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மூணாறு பக்கம் பாப்பாத்திச்சோலை இருக்கிறது. 2017 ஏப்ரலில் அரசு நிலத்தில் நின்ற பெரிய சிலுவையை வருவாய்த் துறையினர் போய் அகற்றினார்கள். சட்டப்படி சரி. ஆனால் அகற்றிய விதத்தைக் கேரள முதலமைச்சரே வெளிப்படையாகக் கண்டித்தார். இடித்த அதிகாரிகள் சங்கடத்தில் நின்றார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது மாற்று இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. இது முடிந்தால் மற்றது தானாக நடக்கும். மாற்று இடம் பட்டா நிலமாக இருக்க வேண்டும். சாலைப் புறம்போக்கிலிருந்து எடுத்து வாய்க்கால் புறம்போக்கில் வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று ஜிலேபி கொடுத்த ஊர் உண்டு. அடுத்த மழைக்கு மறுபடி நாங்கள் போனோம். யாராவது ஒரு சென்ட் கொடுக்க முன்வந்தால் வாய்வார்த்தையோடு விடாமல் தானப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். பட்டா நிலமானாலும் வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அதற்கும் அப்போதே விண்ணப்பம் போடுங்கள்.

சாமியை எடுப்பதற்கு அந்தந்த வழிமுறையில் ஒரு வழி இருக்கிறது, அதை மதியுங்கள். ஆகமக் கோயில் என்றால் குருக்கள் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் இறக்குவார். அதன் பிறகு கல்லை நகர்த்துவதில் யாருக்கும் மனத்தடை இருக்காது. கெபி என்றால் பங்குத்தந்தையிடம் போங்கள். அவர் சுரூபத்தை எடுத்து, ஜெபம் சொல்லி, புது இடத்தை மந்திரிப்பார். தர்கா, கொடி என்றால் ஜமாஅத். அடக்கம் (சமாதி) உள்ள இடமா, வெறும் கொடிமேடையா, வக்ஃப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கம் இருந்தால் இந்தக் குறிப்பு போதாது, வக்கீலைப் பாருங்கள்.

கிராம தெய்வம் என்றால் சாமியிடமே கேட்பார்கள். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒரு அம்மன் கோயிலில் முதல் நாள் சிவப்பு வந்துவிட்டது. போகமாட்டேன் என்று அர்த்தம். சாலைப் பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரியவர் ஒருவர்தான், "ஆத்தாளுக்குப் புது இடத்தைக் காட்டாம கேட்டா எப்படிச் சம்மதிப்பா?" என்றார். மறுவாரம் புது இடத்து மண்ணை ஒரு பிடி கொண்டுவந்து முன்னால் வைத்துக் கேட்டார்கள். வெள்ளை வந்தது. பொட்டலத்தை யார் கட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அகற்றும் நாளைத் திருவிழா, வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, தேர்தல் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ராத்திரியில் வேண்டாம், ராத்திரி எடுத்தால் திருடிப் போனதாகப் பேச்சு வரும். உண்டியலைக் கமிட்டி முன்னால் எண்ணி, பொருள் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேம்போ அரசோ இருந்தால் அதை வெட்டத் தனி அனுமதி வேண்டும். முடிந்தால் மரத்தை விட்டுவிட்டுப் பீடத்தை மட்டும் எடுங்கள். முழுக்க வீடியோ எடுங்கள்.

ஜல்லி லாரியை அன்று காலையிலேயே வரச் சொல்லிவிடுங்கள். ஒரு ஊரில் ஒப்பந்தக்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்றார். திங்கட்கிழமை பீடம் போனது, புதன்கிழமை போய்ப் பார்த்தால் அந்தக் குழியில் ஒரு எலுமிச்சம்பழமும் குங்குமமும் இருந்தன.

நான் டேப்பை மறுபடி எடுத்தேன்.